ஏசி, சோலார், கூரை: கடைக் கட்டடத்தில் பணத்தை முதலில் எதில் போடுவது?

மதுரை, திருச்சி, சேலம், எந்த ஊர்க் கடைவீதியை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு கட்டடம் இருக்கும். மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடியும் ஏசிபி எனும் அலுமினிய ஷீட்டும், மொட்டை மாடியில் வரிசையாக ஏசியின் அவுட்டோர் யூனிட்டுகள். ஈபி பில் கையைக் கடிக்கத் தொடங்கியதும் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி, "சோலார் போட்டுடலாமா?" அடுத்த கேள்வி, "பழைய ஏசியை எல்லாம் மாத்திடலாமா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. மற்ற இரண்டுக்கும் எவ்வளவு செலவாகும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

கூரை, கண்ணாடி, விளக்கு, ஏசி, சோலார் எல்லாமே பலன் தரும். எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அடுத்ததன் அளவு மாறும். வரிசை தப்பினால் அதே பணத்துக்குப் பாதிப் பலன்தான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

கணக்குக்கு ஒரு கட்டடம்

ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு 4,000 சதுர அடி, மொத்தம் 12,000. மேற்குப் பார்த்த முகப்பில் 1,000 சதுர அடிக்குச் சாதாரணக் கண்ணாடி. ஒன்றரை டன் ஏசி 36, அதாவது 54 டன். எல்லாம் பழசு, ஒரு டன்னுக்குச் சுமார் 1.2 கிலோவாட் இழுப்பவை. விளக்குகளில் பாதிக்கு மேல் பழைய சிஎஃப்எல், டியூப்லைட், மெட்டல் ஹாலைடு. நாளைக்கு 11 மணி நேரம், வருடத்துக்கு 350 நாள் கடை திறந்திருக்கும்.

ஏசி சராசரியாக அறுபது சதவீதச் சுமையில் ஓடுகிறது என்று பிடித்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 1,50,000 யூனிட் ஆகிறது. விளக்குக்கு 55,000. லிஃப்ட், மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 20,000. மொத்தம் 2,25,000 யூனிட். கணக்கு எளிதாக இருக்க யூனிட் பத்து ரூபாய் என்று வைப்போம். வணிக இணைப்புக்கு இது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கிலோவாட் கணக்கில் போடும் நிலைக்கட்டணத்தையும் சேர்த்தால் இரண்டு மாத பில் நான்கு லட்சத்தைத் தாண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏசி.

உங்கள் கட்டடத்தின் எண்கள் வேறாக இருக்கும். ஏசிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று சப்-மீட்டர் மாட்டி ஒரு மாதம் எழுதி வைத்தால் போதும், உங்கள் கணக்கு கைக்கு வந்துவிடும். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. அதைச் செய்யாமல் லட்சங்களைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காசில்லாமல் முடியும் வேலை

ஏசியை 24 டிகிரியில் வைப்பது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுவது, அவுட்டோர் காயிலில் படிந்த தூசியைத் தண்ணீர் அடித்து எடுப்பது, கண்ணாடிக் கதவை மூடி வைப்பது, எல்லாம் இந்த வகை.

ஆனால் 24 விஷயத்தில் ஒரு சிக்கல். மாலை நான்கு மணிக்கு ரிமோட்டில் 18 என்று இருக்கும். ஒரு தெர்மாமீட்டரை நடுக்கடையில் வைத்துப் பார்த்தால் 27 காட்டும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் குளிர்ச்சி எட்டவில்லை. இந்த நிலையில் ரிமோட்டை 18-லிருந்து 24-க்கு மாற்றினால் எதுவுமே மாறாது, ஏனென்றால் அந்த ஏசி 24-ஐயே தொடவில்லை. சிப்பந்திகள் ரிமோட்டைத் தொடுகிறார்கள் என்று முதலாளி கோபப்படுவார். குறை அவர்களிடம் இல்லை; ஏசி வெளியேற்றும் வேகத்தைவிட வேகமாக வெப்பம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. 24-ஐ உண்மையிலேயே பயன்படுத்த வேண்டுமென்றால் வரும் வெப்பத்தைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

மேற்குக் கண்ணாடி

தமிழ்நாட்டுக் கடைக் கட்டடங்களில் நான் பார்க்கும் மிகப் பெரிய ஓட்டை இதுதான். கோடைப் பிற்பகலில் மேற்குச் சுவரில் நேராக விழும் வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட்டைத் தாண்டும். சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 45 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம். ஒரு டன் குளிர்ச்சி என்பது மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுவது. ஆக அந்த முகப்பு மட்டுமே மாலை நான்கு மணிக்குப் பதிமூன்று டன் ஏசியை விழுங்குகிறது. ஒன்பது மெஷின்!

இன்னொன்றும் நடக்கும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் புடவை வெளுத்துவிடுகிறது என்று ரேக் போட்டு மறைப்பார்கள், அல்லது உள்பக்கம் ஃப்ளெக்ஸ் ஒட்டுவார்கள். வெளிச்சமும் போச்சு, வெப்பமும் உள்ளே வந்தாச்சு. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத் திரை தடுத்தால் திரை சூடாகும், அந்தச் சூடு கடைக்குள்தான் இறங்கும். மறைப்பதாக இருந்தால் வெளியே மறைக்க வேண்டும்.

இங்கே மூன்று வழி. வெளியில் நிறுத்தும் பட்டைகள், ஜாலி, துளையிட்ட தகடு ஆகியவை முதல் வழி. வெயிலில் முக்கால் பங்கைக்கூட நிறுத்திவிடும், பல வருடம் நிற்கும். மேற்கு வெயில் சாய்ந்து வருவதால் மேலே நீட்டும் சன்ஷேட் இந்தத் திசைக்குப் போதாது, செங்குத்தாக நிற்கும் மறைப்பு வேண்டும். முகப்பின் அழகு போய்விடும் என்று பயப்படுவார்கள். நல்ல வடிவமைப்பாளர் கையில் அதுவே அழகாக வரும். இரண்டாவது, சன் கன்ட்ரோல் ஃபிலிம். நல்ல தரத்தில் சதுர அடிக்குச் சுமார் 100 முதல் 150 ரூபாய். வெப்பத்தைப் பாதியாகக் குறைக்கும், ஒரு வார வேலை, கடையை மூட வேண்டியதில்லை. கறுப்பாக இருந்தால் நல்ல ஃபிலிம் என்று நினைக்க வேண்டாம். ஒளியை விட்டு வெப்பத்தைத் தடுப்பதுதான் நல்லது. விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைச் சொல்வது எஸ்ஹெச்ஜிசி எண், விற்பவரிடம் அதைக் கேளுங்கள். அது 0.4 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றாவது, கண்ணாடியையே மாற்றுவது. புதுக் கட்டடத்துக்கு இதுதான் சரி. இருக்கிற கட்டடத்தில் பெரும்பாலும் செலவுக்குத் தகுந்த பலன் வராது.

ஃபிலிம் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் லட்சம் செலவு. உச்ச நேரத்தில் ஏழு டன் குறையும். வருடத்தில் 12,000 யூனிட் மிச்சமாகும் என்பது என் கணக்கு.

மொட்டை மாடி

மாலை ஐந்து மணிக்கு மேல்மாடிக்குப் போய் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளி மேலே கையை நீட்டிப் பாருங்கள். அந்த இடைவெளியில் இருக்கும் காற்று அனலாக இருக்கும். நடுப்பகலில் வாங்கிய வெயிலை கான்கிரீட் தளம் நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்குகிறது. ஜவுளிக்கடைக்குக் கூட்டம் வருவதும் அந்த நேரத்தில்தான்.

பழைய சிமென்ட் தளம் வெயிலில் கால் பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் எண்பது சதவீதம் வரை போகும், தூசி படிந்ததும் அறுபதுக்கு இறங்கும். அந்த அறுபதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். புது பெயின்டின் எண்ணைக் காட்டி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். 4,000 சதுர அடிக் கூரைக்கு உச்ச நேரத்தில் மூன்று டன் குறையும். வருடத்தில் சுமார் 7,000 யூனிட். வாட்டர்ப்ரூஃபிங்கும் சேர்த்துச் சதுர அடிக்கு 30 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய்.

சுண்ணாம்பு அடிப்பதை யாராவது குறைவாகப் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் புதுச் சுண்ணாம்பு நல்ல பெயின்டுக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. மழையில் கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் பணமில்லாத வருடத்தில் அதைச் செய்யலாம். வெள்ளை டைல்ஸ் பதித்தால் நீண்ட காலம் உழைக்கும். தளத்தின் மேல் எடை ஏறும், பழைய கட்டடத்தில் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

கூரையின் பலன் மேல்மாடிக்கு மட்டும்தான். ஏழு மாடிக் கட்டடத்தில் இது சின்ன விஷயம். இரண்டு, மூன்று மாடியில் பெரிய விஷயம்.

விளக்கு

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. மாற்றாமல் இருந்தால் நாளைக்கே மாற்றுங்கள். 55,000 யூனிட் பாதியாகும், செலவு இரண்டரை லட்சம் அளவில், ஒரு வருடத்தில் திரும்பிவிடும். விளக்கு தின்னும் மின்சாரம் முழுவதும் கடைக்குள் வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதால் ஏழு கிலோவாட் விளக்குச் சுமை குறைந்தால் இரண்டு டன் ஏசிச் சுமையும் குறையும். அந்த வகையில் இன்னும் 9,000 யூனிட். துணியின் நிறம் சரியாகத் தெரிய சிஆர்ஐ (நிறத்தை உண்மையாகக் காட்டும் அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி வாங்குங்கள். மலிவு எல்இடி வெளிச்சத்தில் புடவை எடுத்தவர் வெளியே வந்து நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்.

மேல்மாடியில் கோச்சிங் சென்டரோ அலுவலகமோ இருந்தால் சீலிங் ஃபேன்களை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன்களாக மாற்றலாம். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். ஃபேன் சுற்றினால் 26 டிகிரியே சுகமாக இருக்கும்.

ஏசி மாற்றுவது

இப்போது ஏசிக்கு வருவோம். மற்ற எதையும் செய்யாமல் 36 ஏசியையும் மாற்றினால், பொருத்துக்கூலியோடு மெஷின் 50,000 என்று 18 லட்சம் ஆகும். பழைய மெஷினோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், அதாவது வருடத்துக்கு 50,000 யூனிட்.

கூரை, கண்ணாடி, விளக்கு மூன்றையும் முதலில் செய்திருந்தால்? செலவு சுமார் ஐந்து லட்சம். உச்சச் சுமையில் 12 டன் போய்விட்டது, அதாவது எட்டு மெஷின் தேவையில்லை. மிச்சம் 28 மெஷினுக்கு 14 லட்சம். மொத்தம் 19 லட்சம். முதல் மூன்றில் 55,000 யூனிட் மிச்சம். குறைந்துவிட்ட ஏசிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் 40,000. ஆக 95,000 யூனிட்.

18 லட்சத்துக்கு 50,000 யூனிட். 19 லட்சத்துக்கு 95,000 யூனிட். வித்தியாசம் வரிசையில் மட்டும்தான். வருடத்துக்கு நாலரை லட்சம் ரூபாய்.

இதே பாடத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியது நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம். 1931-இல் கட்டியது. அங்கே தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் சில்லர் என்ற பெரிய மெஷின்களை இன்னும் பெரிதாக்கி மாற்றும் எண்ணம்தான் முதலில் இருந்தது. 2009 வாக்கில் தொடங்கிய புதுப்பிப்பில் அதை நிறுத்திவிட்டு, முதலில் 6,514 ஜன்னல்களைக் கையில் எடுத்தார்கள். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஒரு மாடியில் பட்டறை போட்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஃபிலிம் வைத்து வாயு நிரப்பித் திரும்ப மாட்டினார்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத் தடுப்பு, விளக்கு மாற்றம். குளிரூட்டும் சுமை மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. பெரிய சில்லர் வாங்க வேண்டிய அவசியமே போய், இருந்த சில்லர்களின் உள்பாகங்களை மட்டும் புதுப்பித்தார்கள். திட்டமிட்ட மொத்த எரிசக்திச் சேமிப்பு 38 சதவீதம், வருடத்துக்கு 44 லட்சம் டாலர். அந்த ஊர்க் குளிர் வேறு, நம் வெயில் வேறு. ஜன்னல் அங்கே குளிர்காலத்துக்கும் உதவியது. வரிசை மட்டும் ஒன்றேதான்.

ஏசி வாங்கும்போது ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டார் வரையறையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். ஒரு வருடத்தின் ஐந்து ஸ்டார் அடுத்த அட்டவணையில் நான்காகிவிடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி என்பதை வருடக் கணக்கில் காட்டும் ஐஎஸ்இஇஆர் எண் லேபிளில் இருக்கும், அதுதான் உண்மையான ஒப்பீடு, அது 5-ஐத் தாண்டியிருக்கட்டும். இன்னொன்று, அந்த லேபிளில் காட்டும் வருட மின்செலவு (யூனிட்டில்) 1,600 மணி நேரத்துக்கு. நம் கடை 3,850 மணி நேரம் திறந்திருக்கிறது. வீட்டுக்கு ஐந்து ஸ்டார் வாங்குவதற்கு யோசிக்கலாம், கடைக்கு யோசிக்க வேண்டியதில்லை. பழைய மெஷினில் ஆர்-22 வாயு என்றால், 2030-க்குள் இந்தியா அதைக் கைவிடப் போகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். கேஸ் நிரப்பி இழுத்தடிப்பதில் அர்த்தமில்லை.

ஒரேயடியாக 28-ஐயும் மாற்றப் பணம் இல்லையா? மேற்குப் பக்கமும் மேல்மாடியும் முதலில். அங்கே இருப்பவைதான் அதிகம் ஓடுகின்றன.

பெரிய கட்டடம் என்றால்

நூறு டன்னைத் தாண்டும் மருத்துவமனை, மால், ஐடி அலுவலகம் எல்லாம் வேறு கதை. அங்கே ஸ்ப்ளிட், விஆர்எஃப் (ஒரே அவுட்டோரில் பல இண்டோர் யூனிட்டுகள்), காற்றில் குளிரும் சில்லர், தண்ணீரில் குளிரும் சில்லர் என்று நான்கு வழி. மின்சாரத்தை மட்டும் பார்த்தால் தண்ணீர் சில்லர்தான் ஜெயிக்கும். நல்ல சென்ட்ரிஃபியூகல் மெஷின் டன்னுக்கு 0.6 கிலோவாட் அளவில் ஓடும், காற்றுச் சில்லர் அதைப் போல இரண்டு மடங்கு இழுக்கும். பம்ப், கூலிங் டவர் ஃபேன் செலவைச் சேர்த்தாலும் தண்ணீர்ப் பக்கம்தான் லாபம்.

ஆனால் கூலிங் டவர் தண்ணீரை ஆவியாக்கித்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு டன்னுக்கு மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல் ஆவியாகும். உப்புச் சேராமல் இருக்க வெளியேற்றும் தண்ணீரையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது லிட்டர். நூறு டன் பத்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஒரு லாரித் தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிக் குடிக்கவே தண்ணீரில்லாமல் ஊர் தவித்ததை நேரில் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டடத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கூலிங் டவருக்கு விடும் வசதி இருந்தால் தண்ணீர் சில்லர் வையுங்கள். லாரித் தண்ணீரை நம்பித்தான் என்றால் வேண்டாம். பக்கத்துத் தெருவின் குடிநீரோடு போட்டி போட்டுச் சேமிக்கும் மின்சாரம் சேமிப்பாகாது.

பழைய சென்ட்ரல் ஏசி இருக்கும் இடத்தில் மெஷினை விட்டு முதலில் ஃபேன், பம்ப் மோட்டார்களுக்கு, வேகத்தைத் தேவைக்கு ஏற்ப மாற்றும் விஎஃப்டி கருவி போடுவது நல்லது. வேகத்தை இருபது சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் இறங்குகிறது. முழு வேகம் தேவைப்படும் நாள் வருடத்தில் கொஞ்சம்தான்.

புதிதாகக் கட்டுபவர்கள் ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் செய்த சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-இல் தொடங்கிய கட்டடம் ஒன்றை இரு சமபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் நல்ல தரமான வழக்கமான குளிர்காற்று முறை. மறுபாதியில் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீர் ஓடும் முறை, சுவாசிக்கும் காற்றுக்கு மட்டும் தனி ஏற்பாடு. இரண்டு வருடம் அளந்ததில் நீர்க்குழாய்ப் பாதி 34 சதவீதம் குறைவான மின்சாரத்தில் ஓடியது. இந்த முறைக்குக் கூரையும் கண்ணாடியும் வெப்பத்தை உள்ளே விடாமல் இருப்பது முன்நிபந்தனை, ஏனென்றால் தளத்தால் வெளியேற்ற முடிந்த வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடலோர ஈரப்பதத்தில் காற்றை நன்றாக உலர்த்தாவிட்டால் தளம் வியர்த்துவிடும். சென்னையில் செய்பவர்கள் அதில் அனுபவமுள்ளவரைத்தான் தேட வேண்டும்.

மின்சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்த அளவு 120 கேவிஏ என்ற வரம்பைத் தொடும் புதுக் கட்டடங்களுக்கு ஈசிபிசி என்ற எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு இருக்கிறது. 2007-இல் வந்தது, 2017-இல் கடுமையாக்கப்பட்டது. கண்ணாடியின் அளவும் தரமும் முதல் கூரையின் வெப்பத் தடுப்பு வரை அதில் எண்ணாகவே இருக்கும். வரைபடம் போடும் போதே கட்டடக் கலைஞரிடம் அதைக் கேளுங்கள். கட்டிய பிறகு ஒட்டுப்போடுவதைவிட எவ்வளவோ மலிவு.

சோலார்

நம் ஜவுளிக்கடைக்குத் திரும்புவோம். கூரையில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரூம், அவுட்டோர் யூனிட் போக 2,000 சதுர அடி கிடைத்தால் 25 கிலோவாட் போடலாம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். வருடத்துக்கு 36,000 யூனிட். கிலோவாட்டுக்கு 50,000 என்றால் 12.5 லட்சம். மூன்றரை வருடத்தில் பணம் திரும்பும், பேனல் 25 வருடம் உழைக்கும். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல முதலீடு.

ஆனாலும் கடைசியில்தான் வைப்பேன். மொத்தச் செலவான 2,25,000 யூனிட்டில் இது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கூரை அவ்வளவுதான் இடம் கொடுக்கும். செலவை முதலில் 1,30,000-க்கு இறக்கிவிட்டால் அதே 36,000 கால் பங்குக்கு மேல் ஆகிவிடும். எட்டு அவுட்டோர் யூனிட் குறைந்ததில் கூரையில் இன்னும் கொஞ்சம் இடமும் கிடைக்கும். அப்புறம், ஜவுளிக்கடையின் கூட்ட நேரம் மாலை ஆறு முதல் ஒன்பது. அந்த நேரத்தில் பேனல் தூங்கும், அதனால் உச்சச் சுமை அப்படியே நிற்கும். கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பலர் இது தெரியாமல் ஜெனரேட்டரை விற்றுவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

முக்கியமாக, ஒழுகும் கூரையின் மேல் பேனல் போட்டுவிட்டால் பிறகு வாட்டர்ப்ரூஃபிங் செய்ய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கூரை வேலை முதலில், பேனல் பிறகு. பேனல் விழுத்தும் நிழலும் தளத்துக்கு நல்லதுதான்.

பிரதமரின் சூர்ய கர் மானியம் வீடுகளுக்கு மட்டும், கடைக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக வருமான வரிக் கணக்கில் 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம்; லாபத்தில் ஓடும் கடைக்கு அது கணிசமான தொகை. ஈபிக்குத் திருப்பி விடும் யூனிட்டுக்கு நாம் கொடுக்கும் விலை கிடைக்காது என்பதால், பகலில் நீங்களே செலவழிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். கடை ஞாயிறு விடுமுறை என்றால் அந்த நாளையும் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

யார் போடுகிறார், யாருக்கு மிச்சம்

இதுவரை சொன்னதெல்லாம் கட்டடமும் கடையும் ஒருவருடையதாக இருந்தால். வாடகைக் கட்டடத்தில்தான் எல்லாமே சிக்கிக்கொள்கிறது. கண்ணாடியும் கூரையும் உரிமையாளருடையவை. ஈபி பில் வாடகைக்காரருடையது. உரிமையாளர் ஏன் செலவு செய்ய வேண்டும்? ஐந்து வருட ஒப்பந்தத்தில் இருப்பவர் அடுத்தவர் கூரைக்கு ஏன் பெயின்ட் அடிக்க வேண்டும்? இருவரும் நியாயம்தான் பேசுகிறார்கள், நடுவில் மின்சாரம் வீணாகிக்கொண்டே இருக்கிறது.

வாடகைக்காரர் விளக்கையும் ஏசியையும் செய்யட்டும். போகும்போது ஏசியைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஃபிலிமும் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் அதையும் துணிந்து போடலாம். உரிமையாளர் கூரை, வெளி மறைப்பு, லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு. செலவைப் பங்கு போட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் போது அதை எழுத்தில் வைத்துவிட்டால் பேச்சு வளராது. கூரைச் செலவை மாதத் தவணையாகப் பிரித்து வாடகையோடு சேர்ப்பது என்றால், அந்தத் தொகை மிச்சமாகும் மின்சாரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சப்-மீட்டர் எண் இரண்டு பேர் கையிலும் இருந்தால்தான் இது நடக்கும்.

செய்து முடித்த பிறகு ஒரு மனு

சுமை குறைந்தும் பில் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றால் நிலைக்கட்டணத்தைப் பாருங்கள். அது நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கிலோவாட்டுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும். உயரழுத்த இணைப்பு என்றால் ஒப்பந்த கேவிஏவில் 90 சதவீதம் அல்லது பதிவான உச்ச அளவு, எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். ஒரு கோடை முழுவதும் மீட்டர் காட்டும் உச்ச அளவைக் குறித்து வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, சுமையைக் குறைக்கச் சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். கோடையைப் பார்க்காமல் அவசரப்பட்டுக் குறைத்தால் மே மாதத்தில் அளவு தாண்டி அபராதம் வரும்.

வேலைக்கு ஏற்ற காலமும் உண்டு. ஜவுளிக்காரர்களுக்கு தீபாவளி முடிந்து மார்கழியில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். விளக்கையும் ஃபிலிமையும் அப்போது முடித்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் கூரை நன்றாகக் காய்ந்திருக்கும், பெயின்ட் பிடிக்கும். மாசிக்குள் ஏசியை மாட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் ஆள் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும். அந்தக் கோடையின் பில்லைப் பழைய கோடையின் பில்லோடு வைத்துப் பார்த்துவிட்டு, சோலார்க்காரரை ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முடிந்த பிறகு கூப்பிடலாம். எத்தனை கிலோவாட் வேண்டும் என்பது அப்போது உங்கள் மீட்டரிலேயே இருக்கும்.